இருநூறு மைல், இரண்டு மணி நேரம்

என் அக்காவைப் பார்க்க வருஷத்தில் எனக்கு இருபது நிமிஷம் கிடைத்துக்கொண்டிருந்தது. அவளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தானின் சொந்தபந்தமெல்லாம் மதுரையிலும் திருச்சியிலும் இருந்ததால், வருஷத்துக்கு ஒரு கல்யாணமாவது வந்துவிடும். போகும்போது பத்து நிமிஷம், திரும்பும்போது பத்து நிமிஷம், அவர்களுடைய ரயில் எங்கள் தென்காசி ஸ்டேஷனில் நிற்கும். எஞ்சின் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசி முடித்தாக வேண்டும்.

இறங்கி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அத்தானுக்கு லீவு கிடையாது. அவர் இல்லாமல் அவள் மட்டும் ஓர் இடத்தில் இறங்குவதோ ஏறுவதோ அவர்கள் வீட்டில் பழக்கமில்லை. அத்தான் சர்க்காரில் ரோடு என்ஜினீயர். ஜன்னலோரத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சௌக்கியமா?" என்று ஒரு தடவை கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் பேப்பர் மறுபடி உயர்ந்துவிடும். கெட்டவர் இல்லை. கொழுந்தியாளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது உலகச் சண்டை அப்போது தொடங்கியிருக்கவில்லை. தை பிறந்த வாரத்தில் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் வரியே, "ஏட்டி, நான் ஆகாசத்துல போகப் போறேன்" என்று இருந்தது. அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றபடியே படித்தேன்.

திருச்சியில் அத்தானின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் அவர் முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கே அங்கே நிற்க வேண்டும். ஆனால் அந்த முந்தின நாள் காலையிலிருந்துதான் லீவு கொடுத்திருந்தார்கள். ரயிலில் கிளம்பினால் மறுநாள் விடியற்காலைதான் போய்ச் சேர முடியும். அந்தப் பருவத்தில் திருவனந்தபுரத்திலிருந்து திருச்சிக்குத் தபால் கொண்டுபோக வாரத்துக்கொரு விமானம் விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் கிடையாது, வானம் தெளிந்த மாதங்களில் மட்டும். தபால் பைகளோடு இரண்டு மூன்று பேரையும் ஏற்றிக்கொள்வார்களாம். "காலையில் எட்டு மணிக்கு ஏறினால் பத்து மணிக்குத் திருச்சி. ரெண்டே மணி நேரம்! ரெண்டு நாளா எனக்கு வேலையே ஓடல" என்று அக்கா எழுதியிருந்தாள்.

எனக்கும்தான் வேலை ஓடவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓட வேண்டும்போல இருந்தது. பாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அவள் விமானத்தில் போனால் ரயில் தென்காசியில் நிற்கும். அதில் அவள் இருக்க மாட்டாள். என்னுடைய பத்து நிமிஷம் போய்விட்டது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும், காப்பி கொடுப்பதற்கு முன்பே கேட்டேன். "ஏங்க, அந்தப் பிளேன் எந்த வழியா போவும்?"

அவர் மராமத்து ஆபீஸில் படம் வரைபவர். குளம், மதகு, வாய்க்கால் எல்லாவற்றையும் காகிதத்தில் கொண்டுவருவதுதான் அவர் வேலை. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய படத்தைப் பேப்பரில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஓர் அங்குலத்துக்குப் பதினாறு மைல் கணக்கில் போட்ட தென்னாட்டுப் படம். தரையில் விரித்து நாலு மூலையிலும் அரிசிப்படியையும் உழக்கையும் வைத்தோம்.

"நூல் கொண்டா" என்றார்.

தையல் நூலின் ஒரு நுனியை அவர் திருவனந்தபுரத்தின் மேல் விரலால் அழுத்திப் பிடித்தார். மறுநுனியை நான் திருச்சியின் மேல் பிடித்தேன். விறைப்பாக இழுத்தோம். நான் குனிந்து நூலோடு ஊர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்த்ததும் கத்திவிட்டேன்.

"என்னங்க, நம்ம குத்தாலம்!"

அவர் நம்பவில்லை. நூலைத் தளர்த்தி மறுபடி இழுக்கச் சொன்னார். மூன்று தடவை இழுத்தோம். மூன்று தடவையும் நூல் குற்றாலம் என்ற எழுத்தின் மேலேயே போய்ப் படுத்தது. அதை விட்டு இறங்கியதும் தென்காசியை உரசிக்கொண்டு வடகிழக்கே ஓடியது. இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவில் ஒரு நேர்கோடு. அது எத்தனையோ மலையையும் காட்டையும் விட்டுவிட்டு என் தலைக்கு மேலே வந்து போகிறது. உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினேன். "நூலை ஆட்டாதே" என்று அவர் அதட்டினார்.

நூலை அளந்தால் பன்னிரண்டு அங்குலமும் கொஞ்சமும் வந்தது. இருநூறு மைலுக்கு இரண்டு குறைவு. அதே நூலை ரயில் பாதையோடு வளைத்து வளைத்துப் படுக்கவைத்தோம். கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, விருதுநகர், மதுரை என்று சுற்றிப் போனதில் முந்நூறு மைலைத் தொட்டது. இருநூறு மைலை இரண்டு மணி நேரத்தில் கடந்தால் மணிக்கு நூறு மைல். திருவனந்தபுரத்திலிருந்து குற்றாலம் நேர்கோட்டில் நாற்பத்திரண்டு மைல். "எட்டு மணிக்கு ஏறினா எட்டு இருபத்தஞ்சுக்கு இங்கன" என்றார் அவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. ரயிலில் அக்கா காலையில் ஏறினால் சாயங்காலம்தான் தென்காசி வந்து சேர்வாள். இருபத்தைந்து நிமிஷம்! ஓர் உலை கொதிக்கிற நேரம்.

மறுநாளே அவர் மனம் மாறிவிட்டார்.

"நேர்கோடு படத்துலதான். அங்கன அஞ்சாயிரம் ஆறாயிரம் அடி மலை நிக்குல்லா? மலை மேல ஏறியா போவான்? ஆரியங்காவுக் கணவாய் வழியா, ரயில் வாற மாதிரியேதான் வருவான். நாம செங்கோட்டையில போய் நிக்கணும்."

"ரயிலுக்குத்தான் கணவாய் வேணும். பறக்கதுக்கு எதுக்குக் கணவாய்?"

"ஏட்டி, மேகம் கெடந்தா?"

"தை மாசத்துல என்ன மேகம்?"

நாலு நாள் இதே பேச்சு. சோறு போடும்போது கணவாய் என்பார். கை கழுவும்போது நான் நூல் என்பேன். கடைசியில் ஓர் இடம் ஒப்புக்கொண்டோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாற்றங்கரை. அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் அருவி மலையும் தெரியும், அந்தப் பக்கம் கணவாயின் வாயும் தெரியும். எங்கே வந்தாலும் பார்த்துவிடலாம்.

நான் பார்த்தால் போதுமா? அவளும் என்னைப் பார்க்க வேண்டாமா? எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கிற அம்மாளுக்குச் சிற்றாற்றில்தான் துறை. அவள் அழுக்கெடுக்க வந்தபோது விஷயத்தைச் சொல்லி, ஆற்று மணலில் வெள்ளை வேட்டிகளை விரித்துப் போட்டு அக்காவுக்கு அடையாளம் காட்டலாமா என்று கேட்டேன். அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"வெள்ளைத் துணிய மணல்ல விரிச்சா எவுக கண்ணுக்குத் தெரியும் தாயி? காயப்போட்டுட்டு நானே தேடிக்கிட்டுல்லா நிக்கேன். மேக்கே கரையில புல்லுத் தரை கெடக்கு பாத்தியளா, ஆடு மேயுமே, அங்கன போடணும். பச்சையில வெள்ளை பளிச்சினு தெரியும்."

"உனக்குச் சம்மதமா?"

"காயுற துணி எங்கன காஞ்சா என்ன? ஊரு வேட்டி பூராவும் எங்கிட்டத்தான் இருக்கு. எத்தனை வேணும்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னதும் கணவாய்ச் சண்டையை மறந்துவிட்டார். கட்டம் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் "அக்கா" என்று முழுசாக எழுத ஆசைப்பட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து தெரிய வேண்டுமானால் எழுத்து நூறடியாவது இருக்க வேண்டும், மூன்று எழுத்துக்குத் தென்காசியில் வேட்டி கிடையாது என்றார். "அ" மட்டும் போதும் என்று முடிவாயிற்று. எட்டு முழ வேட்டி முப்பத்தொன்று. சுழிக்கு இத்தனை, நேர்க்கோட்டுக்கு இத்தனை என்று ஒவ்வொரு வேட்டிக்கும் காகிதத்தில் ஒரு கோடு வரைந்தார். எந்த மதகுக்கும் அவர் இவ்வளவு கவனமாகப் படம் போட்டு நான் பார்த்ததில்லை. நான் அக்காவுக்கு எழுதினேன்: "குற்றாலம் அருவி தெரிந்ததும் வலது பக்கம் ஆற்றோரம் பார். உனக்காக ஓர் எழுத்து கிடக்கும்."

அந்த நாள் வந்தது. காலை ஆறரை மணிக்கே நாங்கள் புல்தரையில் நின்றோம். பனியில் புல் நனைந்திருந்தது. மலை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே கணவாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேட்டிகளை விரிப்பது காகிதத்தில் இருந்த மாதிரி சுலபமாக இல்லை. காற்று ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு போயிற்று. மூலைக்கு மூலை கல் வைத்தோம். அவர் காகிதத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வளை, இன்னும் கொஞ்சம்" என்று கத்த, நான் குனிந்து இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போயிற்று. எனக்குச் சுழி கோணலாகவே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் காகிதத்தை ஒரு தடவை வாங்கிப் பார்த்தாள். பிறகு பத்து வேட்டியை எடுத்துப் போட்டு, அச்சில் வார்த்த மாதிரி சுழியைக் கொண்டுவந்துவிட்டாள்.

எட்டேகாலுக்கு எல்லாம் தயார். எட்டு இருபத்தைந்து ஆயிற்று. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். ஒன்றும் இல்லை. எட்டரை. எட்டே முக்கால்.

"கணவாய் வழியாப் போயிட்டானோ?" என்றார் அவர். ஜெயித்த குரலாக இல்லை, அவருக்கும் வருத்தம்தான்.

"போயிருந்தா சத்தம் கேட்டிருக்கும்லா?"

ஒன்பது மணி ஆயிற்று. அவருக்கு ஆபீஸ் இருந்தது. அந்த அம்மாளுக்குத் துணியை மடிக்க வேண்டியிருந்தது. பனி ஈரம் வேட்டியில் ஏறினால் வக்கீல் வீட்டில் ஏசுவார்கள் என்றாள். ஆனாலும் ஒரு வேட்டியைக்கூட எடுக்கவில்லை. "வரட்டும் தாயி, அவ்வளவு தூரத்துல இருந்து வாராக" என்றாள். யார் வந்தாலும் அவள் இப்படித்தான் சொல்வாள் போலிருந்தது. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

முதலில் கேட்டது அவளுடைய கழுதைக்குத்தான். காதை விறைத்துக்கொண்டு மலையைப் பார்த்தது. பிறகு எனக்கும் கேட்டது. மெல்லிய, அறுபடாத ஒரு ரீங்காரம். கணவாய்ப் பக்கத்திலிருந்து இல்லை. நேரே மலைக்குப் பின்னாலிருந்து!

"அங்கன! அங்கன!" என்று என் வீட்டுக்காரர் கூவினார். கூவியவர் கை நேரே அருவியின் தலைக்கு மேல் நீண்டிருந்தது.

மலைமுடிக்கு மேலே ஒரு புள்ளி. புள்ளி கோடாயிற்று. கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு. இரண்டு அடுக்குச் சிறகு. வெயில் பட்டு ஒரு தடவை பளீரென்று மின்னியது. மலையைத் தாண்டியதும் கொஞ்சம் தாழ்ந்து, எங்களை நோக்கி வந்தது. சத்தம் வயிற்றில் அதிர்ந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முந்தானையை எடுத்து வீசிக்கொண்டு, "அக்கா! அக்கா! இங்கன பாரு!" என்று கத்திக்கொண்டே அது போகும் திசையில் ஓடினேன். இருபத்திமூன்று வயதுப் பெண்பிள்ளை, கல்யாணமானவள், பொது இடத்தில் முழங்கால் தெரிய ஓடினேன். வெளுக்கிற அம்மாள் இரண்டு கையிலும் ஈரத்துணியை வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி மறுகையை ஆட்டினார்.

அந்தச் சமயத்தில் கழுதை மிரண்டது. கட்டை அறுத்துக்கொண்டு எழுத்தின் குறுக்கே பாய்ந்தது. நேர்க்கோட்டு வேட்டிகளெல்லாம் அதன் காலில் சிக்கி இழுபட்டுப் போயின. விமானம் தலைக்கு மேலே வந்தபோது சுழி மட்டும்தான் ஒழுங்காகக் கிடந்தது. விமானத்தின் நிழல் ஆற்றைக் கடந்து, புல்லைக் கடந்து, என்மேல் ஒரு கணம் விழுந்து போயிற்று. சற்று நேரத்தில் சத்தம் தென்காசிக் கோபுரத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

"ஒம்பது ஒம்பது" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "நூலுதான் சரி" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று கையை ஆட்டிக் காட்டிச் சொன்னேன். மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தந்திக்காரன் சைக்கிள் வந்து வாசலில் நின்றது. அந்த நாளில் தந்தி என்றால் ஒரே அர்த்தம்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. விமானம் விழுந்துவிட்டது என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது. காலில் செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன். அதுவரை என் வீட்டுக்காரர் ஆபீஸ் படியை நான் மிதித்ததில்லை. நேரே அவர் மேஜைக்குப் போய்த் தந்தியை நீட்டினேன். அவர் முகமும் வெளுத்துவிட்டது. பிரித்துப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். பிறகு ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"‘ஒரு இடம்தான் இருந்தது. அவர் விமானத்தில். நான் ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா.’ ஏட்டி, உங்க அக்காதான் அனுப்பியிருக்கா! அப்ப காலையில நீ அக்கா அக்கான்னு கத்துனது உங்க அத்தானப் பாத்தா?"

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தது. பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மனிதரைப் பார்த்து முந்தானையை வீசிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் அடுத்த நிமிஷம் அதுவும் மறந்துபோயிற்று. அக்கா வருகிறாள். தனியாக வருகிறாள்!

ரயில் ஐந்து மணிக்கு வந்தது. பெண்கள் வண்டியின் ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. நின்றும் நிற்காததுமாகக் குதித்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"தராசுல ஏத்திட்டாவட்டி என்னைய! புளி மூட்டை மாதிரி! ஆளு எடை, பெட்டி எடை, எல்லாம் பாக்குதாவ. இன்னைக்குத் தபால் அதிகமாம். எங்க ரெண்டு பேரையும் சேத்து ஏத்துனா பிளேன் எந்திரிக்காதாம். உங்க அத்தான் முக்கால் மணி நேரம் சண்டை போட்டாவ. அங்க இருந்த ஒரு மலையாளத்து ஆளு, ‘சாரமில்ல, பரவாயில்ல, அடுத்த வாரம் போகலாம்’ங்காரு. அடுத்த வாரம் கல்யாணமா வச்சிருக்கு?"

"வருத்தமா இருந்துதா?"

"அழுதுட்டேன்" என்றாள். "அது ஓடி, எந்திரிச்சு, தென்னை மரத்துக்கு மேல போச்சு பாரு, அப்ப அழுதுட்டேன். என்னைய விட்டுட்டுப் போகுதேன்னு. பொறவுதான் நீ கரையில நிப்பியேன்னு ஞாபகம் வந்து, ஓடிப்போய்த் தந்தி குடுத்தேன்."

எஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பேசினாள், நான் பேசினேன், இருவரும் சேர்ந்து பேசினோம். காலையில் நடந்ததைப் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, மணி அடித்துவிட்டது. அக்கா படியில் ஏறினாள். கையை விடவில்லை.

"நீயும் வாயேன்" என்றாள்.

என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். இப்படி ஒரு கேள்வி அதுவரை எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. அவர் என் வெறுங்கையைப் பார்த்தார்.

"மாத்துச் சேலை?"

"எம் பெட்டியில ஆறு கெடக்கு!" என்றாள் அக்கா.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு ஓடினார். கார்டு பச்சைக்கொடியைத் தூக்கிவிட்டார். நான் ஏறிவிட்டேன். டிக்கெட் இல்லாமல், பை இல்லாமல், காலையில் ஆற்றங்கரையில் ஓடிய அதே சேலையோடு. வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் அவர் வந்து பிடித்தார். ஜன்னல் வழியாக டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா!" என்று மூச்சு வாங்கக் கத்தினார்.

கடையநல்லூர் வரைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். சங்கரன்கோவில் வந்தபோதுதான் பேச ஆரம்பித்தோம். பத்து நிமிஷத்தில் பேசிப் பழகியவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்தால் முதலில் ஒன்றும் ஓடுவதில்லை. பிறகு எல்லாம் வந்தது. அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல், எங்கள் அம்மாவின் கடைசி நாள்கள், என் வீட்டுக்காரரின் கணவாய்ப் பிடிவாதம், அவள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்த அவியல். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்கள் ராஜபாளையத்தில் இறங்கியபோது, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விடியும்போது திருச்சி. பிளாட்பாரத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அக்காவுக்குப் பின்னால் நான் இறங்குவதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். கையில் பேப்பர் இல்லை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒளிந்துகொள்ள அது போதாது.

"பிரயாணம் எப்படி இருந்தது?" என்று அக்கா கேட்டதுதான் தாமதம். குதிரை வண்டியில் ஏறுவதற்கு முன்பே நோட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எட்டு நாற்பத்திரண்டுக்குப் புறப்பட்டது. இந்த நிமிஷத்தில் இந்த உயரம். வானத்தில் மேகம் இருந்தால் கணவாய், இல்லாவிட்டால் நேர் என்று விமானி சொன்னது. எல்லாம் எழுதியிருந்தார்.

"ஒம்பது ஒம்பது. மலை முடிஞ்சுது. வலது பக்கம் அருவி. அப்புறம் ஒரு விசித்திரம் பாத்தேன். ஆத்தங்கரையில வெள்ளையா, பெரிசா, தமிழ் எட்டு போட்டிருக்கு. மைல்கல்லுல போடுவோமே, அந்த எட்டு. புறப்பட்ட எடத்துல இருந்து நாப்பது மைல் தாண்டியாச்சு, எந்தக் கணக்குல எட்டுன்னு எனக்குப் புரியல. விமானிகிட்ட சத்தம் போட்டுக் கேட்டேன். அவருக்குத் தமிழே தெரியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நேர்க்கோட்டைக் கழுதை இழுத்துக்கொண்டு போய்விட்டால் ‘அ’ தமிழ் எட்டான ‘௮’ ஆகிவிடும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா அங்கேயே பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். "அவுககிட்ட சொல்ல மறந்துட்டேன்ட்டி, சண்டையில மறந்துட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானே அத்தானுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், வேட்டிகளிலிருந்து கழுதை வரைக்கும். அவரோடு நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"முப்பத்தொரு வேட்டியா?" என்றார் கடைசியில். "நூறடி எழுத்துக்கு அது கம்மி. முப்பத்தாறு போட்டிருக்கணும்." பிறகு பென்சிலை எடுத்து, நோட்டில் எட்டை அடித்துவிட்டு ஏதோ எழுதினார்.

கல்யாணத்தில் அக்காவின் பச்சைப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு நான் நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் அதே விமானம் திரும்பிப் போகிறது என்றார் அத்தான். தபால் குறைவாம், இரண்டு இடமும் உண்டு. நானும் அவர்களோடு விமானத் திடலுக்குப் போனேன். திடல் என்றால் பெரிய பொட்டல், ஒரு கொட்டகை, ஒரு கொடி. அங்கேயும் தராசு இருந்தது. அக்கா ஏறி நிற்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "சரி, எறங்குங்க" என்று அங்கிருந்தவர் சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் கொட்டகைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் போய்ப் பார்க்க அத்தான் எனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். அக்கா கையை நீட்டிச் சிறகைத் தொட்டாள். தட்டிப் பார்த்தாள். மத்தளம் மாதிரி ஒலித்தது.

"ஏட்டி, துணிட்டி இது! துணிய இழுத்துக் கட்டிச் சாயம் பூசியிருக்கானுவ!"

நானும் தொட்டேன். துணிதான். இந்தத் துணியை நம்பியா மலையைத் தாண்டிப் போகிறார்கள் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். அக்காவுக்கு அதெல்லாம் தோன்றியதாகத் தெரியவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அத்தானுக்கு முன்னால் ஏறிவிட்டாள். எஞ்சின் உறுமியது. புழுதி எழுந்து என் வாயெல்லாம் மண். ஜன்னலில் அவள் கை தெரிந்தது. ஓடியது, துள்ளியது, இன்னொரு தடவை துள்ளியது, பிறகு துள்ளவில்லை. தரைக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நான் தன்னந்தனியாகப் பொட்டலில் நின்று கையைத் தட்டினேன்.

அத்தானின் தங்கை வீட்டுக்காரர் என்னை ஸ்டேஷனில் கொண்டுவந்து பெண்கள் வண்டியில் ஏற்றிவிட்டார். தனியாக ரயிலில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. பயமாகவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாரிடமாவது மணி கேட்டுக்கொண்டே வந்தேன். திண்டுக்கல்லில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மணி சொல்லிவிட்டு, எதற்கு இத்தனை தடவை கேட்கிறாய் என்றாள்.

"எங்க அக்கா என்கூடத்தான் திருச்சியில இருந்து கெளம்புனா" என்றேன். "இந்நேரம் திருவனந்தபுரத்துல வீட்டைப் பெருக்கிக் காப்பி போட்டிருப்பா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் நகர்ந்து உட்கார்ந்து என் பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுத்தேன். மதுரை வரைக்கும் நேரம் இருந்தது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.